சமயபுரத்தில் ஒரு லிட்டர் பூமி

"சனிக்கிழமை சும்மாதானே இருக்கே?"

ஆபீஸ் போகாமல் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்கிற கேள்வி இது. கிழமை மட்டும்தான் மாறும். இந்தத் தடவை கேட்டது அக்கா. அக்கா என்றால் சாதாரண அக்கா அல்ல, டீச்சர் அக்கா. சமயபுரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அறிவியல். அவள் கேள்வி கேட்டால் நாற்பது வயசு ஆளும் எழுந்து நின்றுதான் பதில் சொல்வான். நான் முப்பத்தைந்து.

"பதினாலு பிள்ளைங்களை வெளியில கூட்டிட்டுப் போறேன். தண்ணிப் பாடம். துணைக்கு ஒரு ஆள் வேணும்."

"எனக்குத் தண்ணியப் பத்தி என்னக்கா தெரியும்? நான் பி.காம்."

"அதனாலதான்டா கூப்பிடறேன். வரவு செலவு எழுதத் தெரியும்ல? காலையில எட்டு மணிக்கு வந்துடு."

வைத்துவிட்டாள். பங்குனி வெயிலில், அதுவும் திருச்சி பங்குனி வெயிலில், பி.காம். படிப்புக்கு இப்படி ஒரு வேலைவாய்ப்பு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தால் சமயபுரத்துக்குள் ரெண்டு ஆறு தாண்டலாம். முதலில் காவிரி. அப்புறம் மாம்பழச் சாலை, திருவானைக்கா. அதைத் தாண்டினால் கொள்ளிடம். உலகத்தில் எத்தனை பேருக்கு டவுன் பஸ் டிக்கெட்டில் ரெண்டு ஜீவநதி கிடைக்கும்? ஆனால் அன்றைக்குக் காவிரியில் ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்கு நீர் ஓடியது. கொள்ளிடத்தில் அதுவும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் மணலும் நாணலும்தான்.

"ஜீவநதின்னா வருஷம் முழுக்க ஓடணுமே?" என்றேன், பக்கத்து சீட் பெரியவரிடம்.

"ஓடுது தம்பி. அது போக மாட்டேங்குது, நாமதான் பாலத்து மேல ஓடிட்டு இருக்கோம்" என்றார்.

நெம்பர் ஒன் டோல்கேட் தாண்டியதும் ரோட்டோரம் மஞ்சள் நிறமாகிவிட்டது. பாதயாத்திரை. சமயபுரம் மாரியம்மனுக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஊரில் பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பார்கள். இங்கே பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் ஆரம்பித்து இருபத்தெட்டு நாள். பச்சைப் பட்டினி விரதம் என்று பெயர். அந்த நாட்களில் அம்மனுக்குத் தளிகை நைவேத்தியம் கிடையாது. இளநீர், நீர்மோர், பானகம், துள்ளுமாவு, இவ்வளவுதான். வெயில் காலத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டு மாதிரி இருக்கிறது அல்லவா? நாமோ அதே வெயிலில் பரோட்டாவுக்கு ரெண்டாவது தடவை சால்னா கேட்கிற ஜாதி.

நடந்து வருகிறவர்களுக்காக வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பந்தல். அரை கிலோமீட்டருக்குள் மூன்று இடத்தில் பானகம் குடித்தேன். காசு கேட்கவில்லை, ஜாதி கேட்கவில்லை, எந்த ஊர் என்று கூடக் கேட்கவில்லை. தண்ணீர் கொடுக்கிறவன் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு பழக்கம் இன்னும் இந்த ரோட்டில் மிச்சம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் பதினாலு உருப்படிகள் தயாராக நின்றன. ஏழாம் வகுப்பு. எட்டுப் பெண்கள், ஆறு பையன்கள். அதில் ஒருவன் கையில் கால்பந்து. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்தானாம்!

"இது என் தம்பி. உங்களுக்கு மாமா இல்ல, சார்" என்று அறிமுகம் முடிந்தது.

அக்கா அந்தக் கால்பந்தை வாங்கிக்கொண்டாள். "இதுதான் பூமி. படத்துல பூமி என்ன கலர்?"

"நீலம் டீச்சர்!"

"ஏன்?"

"நாலுல மூணு பங்கு தண்ணி டீச்சர்!"

"மேல்பரப்புல நூத்துக்கு எழுபத்தொண்ணு. சரி. அந்தத் தண்ணி மொத்தத்தையும், கடல், பனி, ஆறு, ஏரி, கிணறு, மேகம் எல்லாத்தையும் சேர்த்து ஒரு உருண்டையாப் பிடிச்சா, இந்தப் பந்துக்குப் பக்கத்துல எவ்வளவு பெருசு இருக்கும்?"

ஒருவன் தேங்காய் என்றான். ஒரு பெண் ஆரஞ்சுப் பழம் என்றது. நானும் மனசுக்குள் சாத்துக்குடி வரை போயிருந்தேன்.

அக்கா பையில் இருந்து ஒரு நெல்லிக்காயை எடுத்துப் பந்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "இவ்வளவுதான்."

யாரும் நம்பவில்லை. எனக்கும் சந்தேகம். அப்புறம் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியின் குறுக்களவு 12,742 கிலோமீட்டர். தண்ணீர் முழுவதையும் உருட்டினால் அந்த உருண்டையின் குறுக்களவு சுமார் 1,385 கிலோமீட்டர். பந்து இருபத்திரண்டு சென்டிமீட்டர் என்றால் இது ரெண்டரை சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. நெல்லிக்காயேதான். கடல் பரப்பில் பெரிசு, ஆழத்தில் மெலிசு. பந்து மேலே ஈரத்துணியால் துடைத்த மாதிரி.

அக்கா அத்தோடு விடவில்லை. கையில் ஒரு மிளகு. "பனிக்கட்டியா உறைஞ்சு கிடக்காத நல்ல தண்ணி மொத்தமும் இது. பூமிக்கு அடியில இருக்கிறதையும் சேர்த்து." அடுத்து, விரல் நுனியில் ஒட்டி எடுத்த ஒரு கசகசா. "உலகத்து ஏரி, ஆறு எல்லாம் சேர்ந்து இது. தும்மிடாதீங்க. அமேசான், கங்கை, காவிரி எல்லாம் பறந்து போயிடும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொருவராக வந்து அந்தக் கசகசாவைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அம்மன் தரிசனம் மாதிரி வரிசையில்.

"இனிமே சார் கணக்குச் சொல்லுவாரு" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள்.

கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், இருமல் மருந்தோடு வருகிற அளவு மூடி, ஒரு சொட்டு மருந்துக் குழாய். உலகத்துத் தண்ணீர் முழுவதும் இந்த ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் மில்லி. அதில் 975 மில்லி உப்பு. மிச்சம் 25 மில்லிதான் நல்ல தண்ணீர். ரெண்டரை மூடி.

என் பிழைப்பு பேலன்ஸ் ஷீட் பாஷையில்தானே? அப்படியே சொன்னேன். "இந்த 25 மில்லியில 17 மில்லி பனி. அண்டார்டிகாவுலயும் கிரீன்லாந்துலயும் கிடக்குது. இது பிக்சட் டெபாசிட். பத்திரம் இருக்கு, பணம் எடுக்க முடியாது. ஏழரை மில்லி பூமிக்கு அடியில. இது சேமிப்புக் கணக்கு. பாஸ் புக் நம்மகிட்ட இருக்கு, ஆனா மீதி எவ்வளவுன்னு யாரும் பார்க்கறதில்லை. ஆழத்துல இருக்கிற நிறையக் கணக்கு நம்ம கைக்கும் எட்டாது. மிச்சம் ஆறு சொட்டு."

ஆறு சொட்டை ஒரு தட்டில் விட்டேன். "இதுலயும் நாலு சொட்டு வடக்கே குளிர் தேசத்துல மண்ணோட மண்ணா உறைஞ்சு போச்சு. ஒரு சொட்டு ஏரி. மீதி ஒரு சொட்டுக்கும் கம்மி. அதுலதான் மண் ஈரம், சதுப்பு நிலம், காத்துல இருக்கிற ஈரம், ஆடு, மாடு, மரம், நீங்க, நான் எல்லாம். ஆறுகளோட பங்கு ஒரு சொட்டை முப்பதாப் பிரிச்சா அதுல ஒரு பாகம்."

"முப்பதாப் பிரிக்க முடியாது சார்" என்றான் பந்துக்காரன்.

"சட்டைப் பையில இருக்கிற சில்லறைன்னு வெச்சுக்க."

"அந்தச் சில்லறையில எப்படி சார் இத்தனை பேரு குடிக்கிறோம்?"

அட! பி.காம். ரெண்டாம் வருஷத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா ஞாபகம் வந்தது. அந்த அம்மாவின் முதல் எவ்வளவு இருக்கும்? நகைக்கடை முதலோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் காலையில் போட்ட முதல் மத்தியானத்துக்குள் திரும்பி வந்து, மறுபடி பூவாகி, மறுபடி காசாகிறது. புரண்டுகொண்டே இருப்பதால் குடும்பம் நடக்கிறது. ஆறும் அப்படித்தான். உலகத்து ஆறுகளில் உள்ள தண்ணீர் ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருமுறை முழுசாக மாறிவிடுகிறது. ஆவியாகி மேலே போன துளி காற்றில் தங்குவது சராசரியாக ஒன்பது பத்து நாள்தான். அப்புறம் மழை.

"அப்ப கடல் வேஸ்ட்டா சார்?"

"வராத பாக்கி மாதிரிதான்..." என்று ஆரம்பித்தேன்.

"தப்பு" என்று அக்கா குறுக்கிட்டாள். "அந்தப் பாக்கிதான்டா நமக்கு வட்டி கட்டுது. சூரியன் உப்பை அங்கேயே விட்டுட்டுத் தண்ணியை மட்டும் தூக்குது. மழைதான் வட்டி. நாம எல்லாரும் வட்டியிலதான் சாப்பிடறோம்."

பதினாலு பேர் முன்னால் ஆடிட்டில் மாட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன் கையைத் தூக்கினான். "தண்ணி அழியாது, சுத்தி சுத்தி வரும்னு டீச்சர் சொன்னாங்க. பூமியில தண்ணி அளவு மாறாதுன்னும் சொன்னாங்க. அப்புறம் ஏன் சார் எங்க வீட்டு போர் வத்திப் போச்சு?"

கரெக்டான கேள்வி. எனக்கு மாசக் கடைசி ஞாபகம் வந்தது. நாட்டில் உள்ள மொத்தப் பணம் மாசம் இருபத்தைந்தாம் தேதி குறைந்தா போய்விடுகிறது? இல்லை. என் பையில்தான் இல்லை. வேறு யார் பையிலோ பத்திரமாக இருக்கிறது. "அளவு மாறலை தம்பி. இடம் மாறிடுச்சு. உங்க வீட்டுக்கு அடியில மழை போட்டதை விட மோட்டார் எடுத்தது ஜாஸ்தி. எடுத்த தண்ணி எங்கேயோ மேகமா, எங்கேயோ கடலா இருக்குது. ஆனா உங்க கணக்குல இல்லை."

பையன் தலையாட்டினான். ஆனால் ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண், அதுவரை வாயே திறக்காதது, தட்டையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டது:

"எங்கம்மா எடுத்துட்டு வர்ற குடம் இதுல எங்க சார் இருக்கு?"

நான் மூடியைப் பார்த்தேன். சொட்டைப் பார்த்தேன். அக்காவைப் பார்த்தேன்.

"அதைக் காட்டத்தான் போறோம். எல்லாரும் பஸ்ஸுக்கு நில்லுங்க" என்றாள் அக்கா.

போகிற வழியில் பெருவளை வாய்க்கால். மேலே முக்கொம்புப் பக்கமிருந்து வருகிறது. நீர் வரும் காலத்தில் இந்த ஊர் வயலுக்கும் இதுதான், முடி இறக்கிவிட்டுக் குளிக்கிறவர்களுக்கும் இதுதான். அன்றைக்கு அதில் நீர் இல்லை. நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்ட ஒரு குடும்பம், குட்டிப் பாப்பா முதல் தாத்தா வரை, பளபளவென்று சந்தனத் தலையோடு வாய்க்கால் கரையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. கடைசியில் இருபது ரூபாய் பாட்டில் வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். மினரல் வாட்டரில் தலை முழுகிய முதல் குடும்பம்!

டோல்கேட்டில் இறங்கி, கரையோரமாக நடந்து, கொள்ளிடத்து மணலில் கால் வைத்தோம். எதிரே பாலம். அந்தப் பக்கம் திருவானைக்கா கோபுரம். அதற்கும் மேற்கே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், வெயிலில் ஆடுகிற மாதிரி தெரிந்தது.

"யாரும் என்னைத் தாண்டிப் போகக் கூடாது. இந்த ஆத்துல தண்ணி இருந்தாலும் பயம், இல்லாட்டாலும் பயம். எங்க பள்ளம் இருக்குன்னு தெரியாது" என்றாள் அக்கா. பிறகு ஒரு இடம் காட்டி, "தோண்டுங்க" என்றாள்.

பிள்ளைகளிடம் தோண்டச் சொன்னால் கேட்கவா வேண்டும்? ஒரு விரற்கடைக்குக் கீழே சூடு போனது. முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது. தோள்பட்டை வரை கை உள்ளே போனபோது விளிம்பு இடிந்து விழுந்தது. மறுபடி அகலமாகத் தோண்டினார்கள். முக்கால் மணி நேரம். நானும் சட்டையைக் கழற்றாமல் ஒரு பக்கம் தோண்டினேன். முப்பது வயசுக்கு மேல் இடுப்பு என்று ஒரு உறுப்பு இருப்பதை மணல் ஞாபகப்படுத்தும்.

"வந்துருச்சு!"

குழியின் அடியில் முதலில் ஒரு பளபளப்பு. அப்புறம் கலங்கலாக ஒரு உள்ளங்கை. பத்து நிமிஷம் சும்மா இருந்தோம். கலங்கல் இறங்கி, மேலே தெளிந்த நீர் நின்றது. சத்தம் போட்டுக்கொண்டிருந்த பதினாலு பேரும் அப்போது பேசவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி வந்து எட்டிப் பார்த்தார். "நான் கல்யாணமாகி வந்தப்ப இங்க கையால பறிச்சாலே ஊத்து வரும் கண்ணு. இப்ப உங்க உசரத்துக்குத் தோண்ட வேண்டியிருக்கு" என்றார்.

"ஏன் பாட்டி?"

"மணல் போச்சுல்ல."

அக்கா காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான் போலிருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளர் நிறையக் காய்ந்த மணலை அள்ளினாள். "டம்ளர் ரொம்பிடுச்சா?"

"ரொம்பிடுச்சு டீச்சர்."

"இதுல தண்ணி பிடிக்குமா?"

"வழிஞ்சுடும்."

மருந்து மூடியால் ஊற்றினார்கள். ஒன்று, ரெண்டு, மூணு... இருநூறு மில்லி டம்ளரில் ஏழு மூடி, அதாவது எழுபது மில்லி, காணாமல் போன பிறகுதான் மேலே ஈரம் தெரிந்தது. மூன்றில் ஒரு பங்கு!

"மணல்னா கல்லு இல்ல. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கிற இடம். மூணு லோடு மணல் போனா ஒரு லோடு தண்ணி தங்கற இடம் போச்சு. வெள்ளம் திரும்ப வரும். இடம் திரும்ப வராது, வந்தாலும் ரொம்ப நாளாகும்." பிறகு ரெட்டை ஜடையைப் பார்த்தாள். "உங்கம்மா குடம் இங்கதான் இருக்கு. மேல ஆறு ஓடறப்ப கீழ மணல் குடிச்சு வெச்சுக்குது. கரையோரக் கிணறு, போர் எல்லாம் அதுலதான் வாழுது. திருச்சிக்குக் குழாயில போறதும் இதுலதான். இங்க ஆத்துப் படுகையில கிணறு இறக்கி, ராமநாதபுரம் வரைக்கும் தண்ணி போகுது."

"டீச்சர், திருவானைக்கா கோயில்ல சாமி பக்கத்துலயே தண்ணி ஊறுமே?" என்றது இன்னொரு பெண், கோபுரத்தைக் காட்டி.

"ஊறும். பஞ்சபூதத் தலத்துல அதுதான் நீர்த் தலம். இந்தப் பக்கம் கொள்ளிடம், அந்தப் பக்கம் காவிரி, நடுவுல தீவு. ரெண்டு ஆத்து மணலும் ஈரமா இருந்தா நடுவுல ஊறாம என்ன செய்யும்? அந்தக் காலத்துல இந்த இடத்தைப் பார்த்து நீருக்குன்னு ஒதுக்கினவங்களுக்கு நம்ம பாடம் தெரிஞ்சிருக்கு."

சேமிப்புக் கணக்கு, சேமிப்புக் கணக்கு என்று காலையில் வாய் கிழியப் பேசினேனே... பெட்டகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? பணத்தைப் பற்றியே பேசுகிறோம். பெட்டகத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நானும் ஒரு அடுக்குமாடியில்தான் குடியிருக்கிறேன். அதன் சுவரில் எந்த ஆறு இருக்கிறதோ?

பாலத்து நிழலில் உட்கார்ந்து புளிசாதம். சாப்பிடும்போது பந்துக்காரன் கேட்டான்: "இவ்வளவு பெரிய ஆத்துல வெள்ளம் வந்தா எவ்வளவு சார் வரும்?"

2018-ஐச் சொன்னேன். அதற்கு முன்னால் வறட்சி. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம், வழக்கமான ஜூன் 12-ம் தேதியில் மேட்டூர் அணையைத் திறக்க முடியவில்லை. 2018-ல் ஜூலை 19-ம் தேதி திறந்தார்கள். நாலு நாளில் அணை ரொம்பிவிட்டது. ஆகஸ்டில் காவிரியில் விநாடிக்கு லட்சம் கனஅடிக்கும் மேலே வந்தது. திருவானைக்காவையும் டோல்கேட்டையும் 1928-லிருந்து இணைத்துக்கொண்டிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. நல்ல வேளை, புதுப் பாலம் வந்து அதில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடத்து அணையின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போய்விட்டன. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய அணை. கொள்ளிடம் பள்ளமாக இருப்பதால் காவிரித் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்கிறது, தஞ்சாவூருக்குப் போகவில்லை என்றுதான் அதைக் கட்டினார். இப்போது அங்கே புது அணை நிற்கிறது.

"கனஅடின்னா எவ்வளவு சார்?"

"சுமார் 28 லிட்டர். ரெண்டு குடம்னு வெச்சுக்க. கொஞ்சம் கம்மி."

ரெட்டை ஜடை நோட்டை எடுத்தது. "லட்சம் கனஅடின்னா ஒரு விநாடிக்கு ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் குடம் சார். குடம் பதினஞ்சு லிட்டர் போட்டேன்." பென்சிலைக் கடித்தது. "எங்க தெருவுல ரெண்டு நாளைக்கு ஒருக்க தண்ணி வரும். அஞ்சு குடம் பிடிப்போம். அப்படின்னா..."

மணலிலேயே வகுத்தது. நான் செல்போனை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது.

"இருநூறு வருஷத்துக்கு மேல வரும் சார். ஒரே ஒரு விநாடித் தண்ணி."

யாரோ "ஹே!" என்றார்கள். அப்புறம் அமைதி. எனக்குப் புளிசாதம் தொண்டையில் நின்றது. பத்து வருஷமாகப் பேப்பரில் 'விநாடிக்கு லட்சம் கனஅடி' என்று படித்துவிட்டு ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்குப் போகிறவன் நான். அந்தப் பெண்ணுக்கு அது அம்மாவின் இடுப்பில் இருநூறு வருஷம்.

"அவ்வளவும் கடலுக்கா டீச்சர் போச்சு?"

"நிறையப் போச்சு. போறதும் வேணும். முகத்துவாரத்துல கடல் உப்பு உள்ள ஏறாம தள்ளி வெக்கறதே அதுதான். ஆனா போற வழியில மணல் இருந்தா கொஞ்சம் நின்னு போகும். ஏரி, குளம், வாய்க்கால் சுத்தமா இருந்தா இன்னும் கொஞ்சம் நின்னு போகும். நாம மறிக்க வேண்டாம். அது தங்கறதுக்கு இடம் இருந்தாப் போதும்."

கிளம்பும்போது பையன்கள் குழியை மூடினார்கள். மூடுவதற்கு முன் அந்தப் பாட்டியின் ஆடு வந்து ஊற்று நீரைக் குடித்துவிட்டுப் போனது. முக்கால் மணி நேர உழைப்புக்குக் கிடைத்த ஒரே வாடிக்கையாளர்.

திரும்பி வந்து மரத்தடியில் பார்த்தால் காலையில் வைத்த தட்டு காய்ந்து கிடந்தது. ஆறு சொட்டும் போயே போச்சு. ஏரி, ஆறு, நீங்க, நான் எல்லாம் சேர்த்து! பந்துக்காரன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். "இன்னும் பத்து நாள்ல எங்கேயாவது பெய்யும் சார்" என்றான். பாடம் ஏறிவிட்டது.

சாயங்காலம் பஸ் ஏறும்போது என் கையில் அரை பாட்டில் தண்ணீர் மிச்சம். வழக்கமாக ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டு பாட்டிலை சீட்டுக்கு அடியில் உருட்டிவிடுகிற ஆசாமி நான். அன்றைக்கு மூடியை இறுக்கி வீடு வரை கொண்டுபோனேன். இதனால் உலகம் காப்பாற்றப்பட்டது என்று சொல்லவில்லை. ஊற்ற மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ரெண்டு வாரம் கழித்து மறுபடி அக்கா போன். இந்தத் தடவை 'சும்மாதானே இருக்கே' இல்லை. குரலில் சின்னத் தயக்கம்.

"பரீட்சை பேப்பர் திருத்திட்டு இருக்கேன்டா. 'பூமியில் மனிதன் பயன்படுத்தக்கூடிய நன்னீரின் அளவு எவ்வளவு?' ரெண்டு மார்க் கேள்வி. பதிமூணு பேரு ஒரு சதவீதத்துக்கும் குறைவுன்னு எழுதியிருக்காங்க. அந்த ரெட்டை ஜடை என்ன எழுதியிருக்கா தெரியுமா?"

"என்ன?"

"'ரெண்டு நாளைக்கு அஞ்சு குடம். மணல் இருக்கிற வரைக்கும்.'"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"விடைக் குறிப்புல இது இல்லை. மார்க் போடலாமா? நீதான் கணக்குப் பிள்ளையாச்சே, சொல்லு."

"எத்தனை மார்க் கேள்வி?"

"ரெண்டு."

"ரெண்டு போடு. ஆடிட் வந்தா நான் கையெழுத்துப் போடறேன்" என்றேன்.